முதல் இமயமலை ட்ரெக்குக்குப் பை கட்டுவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தீபாவளி முடிந்தால் போதும், தெரிந்தவர்களிடமிருந்து எனக்கு போன் வர ஆரம்பித்துவிடும். "கேதார்காந்தா போறோம், என்னென்ன வாங்கணும்?" என்பதுதான் கேள்வி. சென்னை, மதுரை, திருச்சி என்று வெயில் ஊர்களிலிருந்து முதல்முறையாகப் பனிமலைக்குக் கிளம்புகிறவர்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை ஒரே இடத்தில் எழுதி வைத்தால் உதவுமே என்று இதை எழுதுகிறேன். கேதார்காந்தாவை மனதில் வைத்துத்தான் பதில்கள் இருக்கும். பனியில் நடக்கும் வேறு எந்த மூன்று நான்கு நாள் மலையேற்றத்துக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

கேதார்காந்தா எங்கே இருக்கிறது? குளிர் எப்படி இருக்கும்?

உத்தராகண்ட் மாநிலம், உத்தரகாசி மாவட்டம். டேராடூனிலிருந்து ஏறக்குறைய 200 கிலோமீட்டர், மலைப்பாதையில் எட்டு ஒன்பது மணி நேரம் வண்டியில் போனால் சாங்க்ரி என்ற கிராமம் வரும். அங்கிருந்து நடை. முதல் நாள் ஜூடா கா தாலாப் என்ற ஏரிக்கரை, அடுத்த நாள் அடிவார முகாம், மூன்றாம் நாள் விடியுமுன் கிளம்பி உச்சி. உச்சியின் உயரம் சுமார் 3,800 மீட்டர், அதாவது 12,500 அடி.

நமக்குத் தெரிந்த அளவுகோலில் சொன்னால், சாங்க்ரி ஊட்டியைவிடக் கொஞ்சம் தாழ்வுதான். ஆனால் முதல் இரவு தங்கும் ஏரிக்கரையே தொட்டபெட்டாவைவிட உயரம். டிசம்பர், ஜனவரியில் மேல் முகாமில் இரவுக் குளிர் பூஜ்யத்துக்குக் கீழே எட்டு, பத்து டிகிரிவரை போகும். பகலில் வெயில் இருந்தால், நடக்கும்போது டி-ஷர்ட்டே போதும் என்று தோன்றும். சாமான் தேர்வில் உள்ள சிரமம் முழுக்க இந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது. ஒரே நாளில் வியர்க்கவும் செய்யும், விறைக்கவும் செய்யும்.

எல்லாவற்றையும் வாங்கணுமா? பட்ஜெட் குறைவு.

வேண்டாம். முதல் பயணத்துக்கு எல்லாவற்றையும் வாங்குவதை நான் ஊக்குவிப்பதே இல்லை. காலில் போடும் ஷூவும் சாக்ஸும் சொந்தமாக இருக்க வேண்டும். உடம்பை ஒட்டிப் போடும் தெர்மலும் சொந்தமாக இருக்கட்டும். முதுகுப்பையைச் சொந்தமாக வாங்கலாம், அல்லது உங்கள் உயரத்துக்குப் பொருந்துகிற பை வைத்திருக்கும் நண்பரிடம் இரவல் கேட்கலாம். மற்றவற்றுக்கு வாடகை போதும். கனமான ஜாக்கெட், ஊன்றுகோல், மழைக்குப் போர்த்தும் போஞ்சோ எல்லாம் சாங்க்ரியிலேயே வாடகைக்குக் கிடைக்கும். கூடாரம், ஸ்லீப்பிங் பேக், பனிக்கு ஷூவில் மாட்டும் மைக்ரோஸ்பைக், கணுக்காலில் பனி புகாமல் தடுக்கும் கெய்ட்டர் ஆகியவற்றைப் பொதுவாக அழைத்துப்போகும் குழுவே தரும். பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

ஷூவை மட்டும் வாடகைக்கு எடுக்காதீர்கள். இன்னொருவர் பாதத்துக்குப் பழகிய ஷூ உங்கள் பாதத்தைக் கடிக்கும்.

எந்த ஷூ வாங்குவது?

கணுக்காலுக்கு மேலே ஏறி நிற்கிற, நீர் புகாத, அடியில் ஆழமான பற்கள் கொண்ட ட்ரெக்கிங் ஷூ. காலைநடைக்குப் போடும் ரன்னிங் ஷூவுக்குப் பனியில் பிடிமானம் இருக்காது, அரைமணி நேரத்தில் ஈரமும் உள்ளே வந்துவிடும். டெகாத்லான் கடைகளில் கெச்சுவா பெயரில் வருவதைத்தான் தமிழ்நாட்டில் பலரும் வாங்குகிறார்கள். அது போதும். ஆனால் பிராண்டைவிட அளவு பத்து மடங்கு முக்கியம். அதனால் ஆன்லைனில் ஆர்டர் போடாமல் கடைக்கு நேரில் போங்கள்.

மாலையில் போவது நல்லது. நாள் முழுக்க நடந்து நின்றபின் பாதம் கொஞ்சம் வீங்கியிருக்கும். மலையிலும் அப்படித்தான் இருக்கும். ட்ரெக்கில் போடப்போகும் தடிமனான சாக்ஸையே எடுத்துப்போய்ப் போட்டுப் பாருங்கள். கயிறு கட்டாமல் பாதத்தை முன்னால் தள்ளினால் குதிகாலுக்குப் பின்னே ஒரு விரல் நுழைய வேண்டும். கயிற்றை இறுகக் கட்டியபின் குதிகால் மேலே கீழே நழுவக் கூடாது. அப்புறம் கடையில் சரிவுப் பலகையோ படிக்கட்டோ இருந்தால் இறங்கிப் பாருங்கள். கால்விரல் நுனி ஷூவின் முன்பக்கத்தில் இடித்தால் அந்த அளவு வேண்டாம், அரை அளவோ ஒரு அளவோ பெரியது கேளுங்கள். இறக்கத்தில் இடிக்கும் விரலின் நகம் இரண்டு நாளில் கறுத்துவிடும்.

என் முதல் பயணத்தில் நான் ஷூ வாங்கியது கிளம்புவதற்கு ஐந்து நாள் முன்பு. கடையில் கச்சிதமாக இருந்தது. இரண்டாம் நாள் மதியம் இரண்டு குதிகாலிலும் ஐந்து ரூபாய் நாணய அளவில் கொப்புளம். உச்சி ஏறிய அன்று காலைச் சூரியன் வந்த நேரத்தில் எனக்கு மலை ஞாபகமே இல்லை, குதிகால் மட்டும்தான் ஞாபகம் இருந்தது. அதனால்தான் இதை இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன். குறைந்தது ஒரு மாதம் முன்பே வாங்கி, கடைக்குப் போக, ஆபீஸ் போக, மாடிப்படி ஏற அதையே போடுங்கள். ஐம்பது கிலோமீட்டராவது அந்த ஷூவில் நடந்திருந்தால் நிம்மதி.

அப்படியும் ஷூ கடித்தால்?

தோல் சூடாக உரசுவதுபோல் தோன்றிய அந்த நிமிடமே நின்றுவிடுங்கள். குழு முன்னால் போகிறதே என்று கூச்சப்பட வேண்டாம். சாக்ஸைக் கழற்றி, இடத்தைத் துடைத்து, மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் துணி பிளாஸ்டரைச் சுருக்கமில்லாமல் ஒட்டுங்கள். கொப்புளம் வந்தபின் ஒட்டுவதைவிட வருமுன் ஒட்டுவது பல மடங்கு பலன் தரும். முன்பு கடித்த இடம் தெரியும் என்றால் காலையில் கிளம்பும்போதே ஒட்டிவிடலாம்.

பை எத்தனை லிட்டர்?

கூடாரமும் சமையலும் குழுவின் பொறுப்பு என்றால் 45 முதல் 55 லிட்டர். 70 லிட்டர் பை வாங்கினால் மீதி இடத்தை நிரப்பத்தான் கை போகும், அந்த எடையை முதுகுதான் சுமக்கும்.

லிட்டரைவிடப் பொருத்தம் முக்கியம். நல்ல பையில் எடையின் பெரும்பகுதி தோளில் இருக்காது, இடுப்பில் உட்காரும். அதற்கு இடுப்புப் பட்டை தடிமனாகவும், பையின் முதுகு நீளம் உங்கள் முதுகு நீளத்துக்கு ஏற்றதாகவும் இருக்க வேண்டும். தலையைக் குனிந்தால் கழுத்தின் அடியில் ஒரு எலும்பு துருத்தும். அங்கிருந்து இடுப்பெலும்பின் மேல்விளிம்பு வரை வீட்டில் யாரையாவது டேப்பால் அளக்கச் சொல்லுங்கள். அதுதான் உங்கள் முதுகு நீளம். உயரமானவருக்கு முதுகும் நீளமாக இருக்கும் என்று நினைக்காதீர்கள், கால் மட்டும் நீளமாக இருக்கலாம்.

கடையில் காலிப் பையை மாட்டிப் பார்த்துத் திருப்திப்படுவதில் பயனில்லை. எட்டுப் பத்து கிலோ உள்ளே வைக்கச் சொல்லிக் கேளுங்கள். முதலில் எல்லாப் பட்டைகளையும் தளர்த்தி மாட்டி, இடுப்புப் பட்டையை இடுப்பெலும்பின் மேல் வைத்து இறுக்குங்கள். வயிற்றின் மேல் அல்ல. அப்புறம் தோள் பட்டை, அதன்பின் தோளுக்கு மேலே பையை உடம்போடு இழுக்கும் சிறிய பட்டை, கடைசியில் நெஞ்சுப் பட்டை. பதினைந்து நிமிடம் கடைக்குள்ளேயே நடங்கள். தோள் வலித்தால் வேறு பை.

குளிருக்கு எத்தனை ஸ்வெட்டர்?

ஸ்வெட்டர் எண்ணிக்கையை மறந்துவிட்டு அடுக்கு என்று யோசியுங்கள். ஒரே கனமான கோட்டில் இரண்டே நிலைதான்: போட்டால் வியர்வை, கழற்றினால் நடுக்கம். மெல்லிய அடுக்குகள் என்றால் வேண்டும்போது கூட்டலாம், குறைக்கலாம்.

உடம்பை ஒட்டி முதல் அடுக்கு. இதன் வேலை வியர்வையை வெளியே கடத்துவது. பாலியெஸ்டர் டி-ஷர்ட்டோ தெர்மலோ மெரினோ கம்பளியோ சரி. அதன்மேல் சூட்டைப் பிடித்து வைக்க ஃப்ளீஸ் என்ற மெத்தென்ற செயற்கை இழைச் சட்டை. முகாமில் உட்காரும்போதும் உச்சிக்குக் கிளம்பும் அதிகாலையிலும் போட, இறகு அல்லது செயற்கைப் பஞ்சு அடைத்த ஜாக்கெட். எல்லாவற்றுக்கும் மேலே காற்றையும் நீரையும் தடுக்கும் மெல்லிய வெளிச்சட்டை. கீழே ஒரு தெர்மல் பேண்ட், சீக்கிரம் காயும் நடைப் பேண்ட் இரண்டு, நீர் புகாத மேல்பேண்ட் ஒன்று.

நம்மூர் ஆண்கள் ஒரு விஷயத்தில் கவனமாக இருக்கணும். சிறுவயதிலிருந்து சட்டைக்குள் பருத்தி பனியன் போட்டுப் பழகிவிட்டோம். சென்னை வெயிலில் வியர்வையை உறிஞ்சி வைப்பது அதன் நல்ல குணம். பனியில் அதே குணம் ஆபத்து. ஏறும்போது நனைந்த பனியன், நின்ற பத்தாவது நிமிடத்தில் ஐஸ் துணியாக மாறி உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். மேலே எவ்வளவு விலையுள்ள ஜாக்கெட் போட்டாலும் உள்ளே அந்த ஈரம் இருக்கும். பனியன், பருத்தி உள்ளாடை, பருத்தி சாக்ஸ் மூன்றையும் வீட்டில் விடுங்கள்.

இன்னொரு பழக்கம். நடை தொடங்கும்போது லேசாகக் குளிரட்டும். கதகதப்பாகக் கிளம்பினால் பத்து நிமிடத்தில் வியர்க்கும். நின்றவுடன் ஜாக்கெட்டை எடுத்துப் போட வேண்டும், நடக்கும்முன் கழற்ற வேண்டும். இந்தச் சின்ன வேலைக்குச் சோம்பல்பட்டவர்கள்தான் இரவில் நடுங்குவதைப் பார்த்திருக்கிறேன்.

கடைசியாக, தூங்கும்போது போட ஒரு செட் தனியாக வையுங்கள்: தெர்மல், கம்பளிச் சாக்ஸ், குல்லா. அதைப் பிளாஸ்டிக் கவரில் கட்டி, பகலில் எக்காரணம் கொண்டும் தொடாதீர்கள். மற்ற எல்லாம் நனைந்தாலும் இந்த ஒன்று காய்ந்திருந்தால் இரவைக் கடந்துவிடலாம்.

ஜீன்ஸ் போடலாமா?

கூடாது. நனைந்தால் கனக்கும், முழங்காலை மடக்கவிடாது, இரண்டு நாளானாலும் காயாது. சாங்க்ரி வரை வண்டியில் போட்டுப் போங்கள், அங்கேயே லாட்ஜில் விட்டுவிடுங்கள்.

கைக்கும் தலைக்கும்?

கையுறை இரண்டு ஜோடி. உள்ளே மெல்லிய ஃப்ளீஸ், வெளியே நீர் புகாதது. கம்பளிக் கையுறை மட்டும் என்றால் பனியில் ஒருமுறை விழுந்து எழுந்தாலே நனைந்துவிடும். தலைக்கு நம் தாத்தாக்கள் மார்கழியில் போடும் மங்கி கேப் நன்றாகவே வேலை செய்யும், காது, கன்னம், கழுத்து எல்லாவற்றையும் மூடிவிடும். வெயிலுக்கு ஒரு சாதாரணத் தொப்பி.

ஸ்லீப்பிங் பேக் சொந்தமாக வேண்டுமா?

குழு தருவதே போதும். ஆனால் எத்தனை டிகிரிக்கு என்று கேளுங்கள். பையின் மேல் மூன்று அளவு எழுதியிருக்கலாம். ‘கம்ஃபர்ட்’ என்பது நன்றாகத் தூங்கும் அளவு. ‘லிமிட்’ என்பது சுருண்டு படுத்துச் சமாளிக்கும் அளவு. ‘எக்ஸ்ட்ரீம்’ என்பது உயிர் தப்பும் அளவு. விற்பவர்கள் சில நேரம் மூன்றாவதைத்தான் பெரிதாகச் சொல்வார்கள், நீங்கள் முதலாவதைப் பாருங்கள்.

பலர் பயன்படுத்திய பைக்குள் படுக்கத் தயக்கமாக இருந்தால், பழைய எட்டு முழ வேட்டியைப் பாதியாக மடித்து இரண்டு ஓரமும் தைத்துவிடுங்கள். உள்ளே போட்டுப் படுக்க அருமையான உறை, எடையும் குறைவு. பருத்திதான், ஆனால் காய்ந்த இடத்தில் இருப்பதால் பிரச்சினை இல்லை.

முதுகுக்குக் கீழே விரிக்கும் பாயை அலட்சியம் செய்யாதீர்கள். படுத்தால் உடம்பின் எடை ஸ்லீப்பிங் பேக்கின் அடிப்பகுதியை நசுக்கிவிடும், அங்கே சூடு நிற்காது. தரையின் குளிரைத் தடுப்பது பாய்தான். குளிருகிறது என்றால் மேலே இன்னொரு போர்வை தேடுவதற்குமுன் கீழே இன்னொரு பாய் கேளுங்கள்.

பைக்குள் அடுக்குவதற்கு ஏதாவது முறை உண்டா?

உண்டு. ஒரே பத்து கிலோ, அடுக்கும் விதத்தில் எட்டு கிலோவாகவும் தோன்றும், பதினான்காகவும் தோன்றும்.

முதலில் பைக்குள் ஒரு பெரிய, கெட்டியான பிளாஸ்டிக் குப்பைப் பையை விரியுங்கள். வெளியே மாட்டும் மழையுறை பையின் முதுகுப்பக்கத்தை மூடாது, அந்த வழியாக நீர் இறங்கும். உள்ளே உள்ள இந்த உறைதான் உண்மையான பாதுகாப்பு. அடியில் ராத்திரிதான் தேவைப்படும் லேசான சாமான்கள், அதாவது தூங்கும் உடையும் வேட்டி உறையும். நடுவில், முதுகை ஒட்டினாற்போல் கனமானவை: தீனி, பவர் பேங்க், பாத்திரம். கனம் முதுகிலிருந்து விலகி இருந்தால் பை உங்களைப் பின்னால் இழுக்கும், அதைச் சமாளிக்க நாள் முழுக்க முன்னால் கூன் போட்டு நடக்க வேண்டியிருக்கும். அதைச் சுற்றி மாற்றுத் துணிகள். மேலே பகலில் சட்டென்று எடுக்க வேண்டியவை: ஜாக்கெட், மழைச்சட்டை, கையுறை. தலைப்பகுதி ஜிப்பில் தலைவிளக்கு, மருந்து, பிளாஸ்டர். இடுப்புப் பட்டைப் பையில் மிட்டாய், உதட்டுக் களிம்பு.

வெளியே எதையும் தொங்கவிடாதீர்கள். கொலுசு மாதிரி ஆடிக்கொண்டே வரும் டம்ளரும் செருப்பும் ஒவ்வொரு அடியிலும் உங்கள் சமநிலையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும்.

அடுக்கி முடித்ததும் ஒரு சோதனை. வீட்டில் விளக்கை அணைத்துவிட்டு, கையுறை போட்டுக்கொண்டு, தலைவிளக்கையும் ஜாக்கெட்டையும் எடுத்துப் பாருங்கள். உச்சிக்குக் கிளம்பும் அன்று அதிகாலை மூன்று மணிக்குக் கூடாரத்துக்குள் இதைத்தான் செய்யப்போகிறீர்கள்.

மொத்தம் எத்தனை கிலோ இருக்கலாம்?

இரண்டு லிட்டர் தண்ணீரோடு சேர்த்து ஒன்பது, பத்து கிலோ. 60 கிலோ எடையுள்ளவருக்குப் பன்னிரண்டைத் தாண்டினால் நிச்சயம் அதிகம். காலிப் பையே ஒன்றரை இரண்டு கிலோ, தண்ணீர் இரண்டு கிலோவுக்கு மேல். மீதி உள்ள ஆறு கிலோவில்தான் உங்கள் சாமர்த்தியம். வீட்டு எடை மெஷினில் பையோடு ஏறி நின்று, பையில்லாமல் நின்று கழித்துக்கொள்ளுங்கள்.

பையைக் கோவேறு கழுதையில் அனுப்பிவிடலாமா?

அனுப்பலாம், கூடுதல் கட்டணம் உண்டு. முதுகு, முழங்கால் பிரச்சினை உள்ளவர்கள் தயங்காமல் அனுப்புங்கள், அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. ஆனால் பெரிய பை மாலையில் முகாமில்தான் கைக்கு வரும். தண்ணீர், மழைச்சட்டை, ஜாக்கெட், தீனி, மருந்து வைக்க 20 லிட்டர் சிறிய பை ஒன்று உங்கள் முதுகில் இருந்தே ஆக வேண்டும்.

தண்ணீருக்குக் குழாய் வைத்த பை நல்லதா, பாட்டிலா?

குளிர்காலத்தில் பாட்டில். அந்தக் குழாயில் நிற்கும் நீர் உறைந்துவிடும். ஒரு லிட்டர் பாட்டில் இரண்டு, அதில் ஒன்று வெந்நீர் தாங்குவதாக இருக்கட்டும். உச்சிக்குப் போகும் காலையில் பாட்டிலைத் தலைகீழாக வையுங்கள். நீர் மேலிருந்துதான் உறையும், அப்போது உறைவது அடிப்பக்கமாக இருக்கும், மூடி திறக்கும். இரவு வெந்நீர் பாட்டிலை சாக்ஸுக்குள் போட்டுக் காலடியில் வைத்துத் தூங்கினால் அந்தச் சுகமே தனி. மூடியை இரண்டுமுறை சரிபாருங்கள்.

குளிரில் வெயில் கண்ணாடி எதற்கு?

கட்டாயம் வேண்டும். உயரம் கூடக் கூடப் புற ஊதாக் கதிர் கூடும். புதுப்பனி அதில் 80 சதவீதம்வரை திருப்பி அடிக்கும். கண்ணாடி இல்லாமல் சில மணி நேரம் பனியைப் பார்த்து நடந்தால் கண்ணில் மணல் கொட்டியதுபோல் எரிச்சல் வந்து, பார்வையே சிறிது காலம் மங்கிவிடும். யுவி 400 என்று குறிப்பிட்டது வாங்குங்கள். ஏற்கெனவே பவர் கண்ணாடி போடுகிறவர்கள் அதன்மேல் மாட்டும் கறுப்புக் கண்ணாடியோ, பவரோடு செய்த கூலிங் கிளாஸோ எடுத்துப்போங்கள். சன்ஸ்கிரீனை மூக்குக்கு அடியிலும் தாடைக்கு அடியிலும் தடவணும், வெயில் கீழிருந்தும் வரும்.

தேங்காய் எண்ணெய் எடுத்துப்போகாதீர்கள். 24 டிகிரிக்குக் கீழேயே அது கட்டியாகிவிடும். வாஸ்லின் போதும்.

மருந்துப் பெட்டியில் என்ன வைக்கணும்?

காய்ச்சல், தலைவலிக்குப் பாராசிட்டமால், வயிற்றுப்போக்குக்கு ஓஆர்எஸ் பொட்டலங்கள், வாந்தி மாத்திரை (சாங்க்ரி போகும் வளைவுப் பாதைக்கே இது தேவைப்படும்), பிளாஸ்டர், கிரேப் பேண்டேஜ், உங்கள் வழக்கமான மாத்திரைகள் இரண்டு நாள் கூடுதலாக.

உயரத்தில் ஆக்சிஜன் குறைவதால் வரும் உயர நோய்க்கு டயமாக்ஸ் என்ற அசெட்டசோலமைடு மாத்திரையைப் பலர் போடுகிறார்கள். கிளம்பும்முன் டாக்டரிடம் கேட்டு, அவர் சொன்ன அளவில் மட்டும் எடுங்கள். சல்ஃபா அலர்ஜி இருந்தால் அதை அவரிடம் முதலிலேயே சொல்லுங்கள். கற்பூரத்தைத் துணியில் கட்டி முகர்ந்தால் ஆக்சிஜன் கூடும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. மூக்கு திறந்ததுபோல் இருக்கும், ரத்தத்தில் ஆக்சிஜன் கூடாது. தலைவலி, குமட்டல் வந்தால் மறைக்காமல் வழிகாட்டியிடம் சொல்லுங்கள். நடை தள்ளாடினாலோ பேச்சு குழறினாலோ இறங்குவதுதான் வைத்தியம், வேறு எதற்கும் காத்திருக்கக் கூடாது. மது வேண்டவே வேண்டாம். சூடு வருவதுபோல் தோன்றும், உண்மையில் உடம்புச் சூடு வெளியேறும்.

மாதவிடாய் நாட்களில் போகலாமா?

தாராளமாகப் போகலாம். தேதி இல்லாவிட்டாலும் நாப்கின் எடுத்துப்போங்கள், உயரத்திலும் பயண அலைச்சலிலும் முன்பின் ஆகலாம். பயன்படுத்தியதைத் தாளில் சுற்றி ஜிப் கவரில் போட்டு, வெளியே தெரியாத இன்னொரு கறுப்புக் கவரில் வைத்துத் திரும்பக் கொண்டுவர வேண்டும். பனியில் புதைத்தால் ஏப்ரலில் பனி உருகும்போது எல்லாம் ஓடைக்குத்தான் வரும். மாதவிடாய் கப் பயன்படுத்த நினைப்பவர்கள் இரண்டு மூன்று மாதம் வீட்டில் பழகியபின் மலைக்குக் கொண்டுபோங்கள், முதல் முயற்சி கூடாரத்தில் வேண்டாம்.

கழிப்பறை?

குழி வெட்டிய சிறு கூடாரம் இருக்கும். தண்ணீர் விரலை மரத்துப்போக வைக்கும், அதனால் டாய்லெட் பேப்பர் எடுத்துப்போங்கள். ஈரத் துடைப்பான் மக்காது, அதையும் கவரில் போட்டுத் திரும்ப எடுத்துவாருங்கள்.

தீனி என்ன எடுத்துப்போவது?

சாப்பாடு குழு தரும்: ரொட்டி, பருப்பு, சோறு, சூப். நடுவில் கொறிக்கத்தான் நாம் எடுத்துப்போகணும். கோவில்பட்டி கடலை மிட்டாயைவிட நல்ல மலைத்தீனி எனக்குத் தெரியாது. வேர்க்கடலையின் கொழுப்பும் வெல்லமும் சேர்ந்து உடனேயும் நெடுநேரத்துக்கும் தெம்பு தரும், விலையும் குறைவு. குளிரில் கல் மாதிரி ஆகிவிடும் என்பதால் சிறு துண்டுகளாக உடைத்து ஜிப் கவரில் போட்டு ஜாக்கெட் பையில் வைத்துக்கொள்ளுங்கள். பேரீச்சை, உலர் திராட்சை, முந்திரியும் நல்லது. உயரத்தில் பசி குறையும், மூன்றாம் நாள் ரொட்டியைப் பார்த்தாலே வேண்டாம் என்று தோன்றும். அந்த நேரத்தில் சின்ன டப்பாவில் கொண்டுபோன பருப்புப்பொடி சுடுசோற்றில் விழுந்ததும் கூடாரமே உங்களைச் சுற்றிக் கூடிவிடும். நூறு கிராம் போதும், ஆனால் அதை விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

போன் சார்ஜ்?

மேலே மின்சாரம் கிடையாது, சிக்னலையும் எதிர்பார்க்க வேண்டாம். வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிட்டுக் கிளம்புங்கள், இல்லாவிட்டால் அம்மா தவித்துப்போவார். 10,000 மில்லி ஆம்பியர்-மணி (mAh) பவர் பேங்க் ஒன்று போதும். குளிரில் பேட்டரி வேகமாக இறங்கும். போனை விமானப் பயன்முறையில் போட்டு, உடம்பை ஒட்டிய பையில் வைத்து, இரவில் ஸ்லீப்பிங் பேக்குக்குள் வைத்துத் தூங்குங்கள். தலைவிளக்குக்கு மாற்று பேட்டரியும் அப்படியே. போன் டார்ச் தலைவிளக்குக்கு ஈடாகாது, கை இரண்டும் ஊன்றுகோலில் இருக்கும்.

விமானத்தில் எதை எங்கே வைப்பது?

பவர் பேங்க் கைப்பையில் மட்டும். ஊன்றுகோல் செக்-இன் பையில். லைட்டர், தீப்பெட்டி, கேஸ் டப்பா எதிலும் வேண்டாம். ட்ரெக்கிங் ஷூவைக் காலில் போட்டுக்கொண்டே ஏறுங்கள், ஜாக்கெட்டைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். செக்-இன் பை வந்து சேராமல் போனாலும் மற்றவற்றை டேராடூனில் வாங்கிவிடலாம், பழகிய ஷூவை வாங்க முடியாது.

பலர் கொண்டுவந்து வருத்தப்படும் சாமான்கள்?

டர்க்கி டவல் (ஈரிழைத் துண்டு ஒன்று போதும், சீக்கிரம் காயும்), மூன்றாவது ஜீன்ஸ், முழு ஷாம்பு பாட்டில், தடிமனான புத்தகம், நாளுக்கு ஒன்றாகப் போட்டோவுக்கென்று சட்டை. நான்கு நாள் யாரும் குளிக்கப்போவதில்லை, எல்லோரும் ஒரே மாதிரிதான் இருப்போம்.

கிளம்பும்முன் ஒத்திகை பார்க்க முடியுமா?

பார்த்தே ஆகணும். பையில் அரிசி மூட்டையும் தண்ணீர் பாட்டிலும் வைத்து எட்டு கிலோவாக்கி, வாரத்தில் மூன்று நாள் அடுக்குமாடிப் படிக்கட்டில் ஏறி இறங்குங்கள். அப்புறம் ஒரு முழுநாள் மலைநடை. தமிழ்நாடு வனத்துறை 2024 அக்டோபரில் தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தில் 40 பாதைகள் இருக்கின்றன, அனுமதியும் வழிகாட்டியும் சேர்த்தே முன்பதிவு செய்யலாம். தேனி மாவட்டம் குரங்கணியில் 2018 மார்ச்சில் காட்டுத்தீயில் மலையேறிகள் பலர் இறந்ததை நாம் மறக்கக் கூடாது. அனுமதி இல்லாமல் எந்தக் காட்டுக்குள்ளும் ஒத்திகைக்குப் போகாதீர்கள். அந்த ஒருநாள் நடையில் முழுப் பையையும் சுமந்து, ட்ரெக்கில் போடப்போகும் அதே ஷூ, அதே சாக்ஸ், அதே பேண்டில் நடங்கள். எங்கே உரசுகிறது, எது கைக்கு எட்டவில்லை என்பதெல்லாம் அன்றே தெரிந்துவிடும்.

திரும்பி வந்தபின் சாமான்களை என்ன செய்வது?

வந்த அன்றே பையைக் கவிழ்த்துவிடுங்கள், நம்மூர் ஈரக்காற்றில் இரண்டு நாள் கட்டிவைத்தாலே பூசணம் பிடிக்கும். ஷூவின் சேற்றைப் பிரஷ்ஷால் தேய்த்து, உள்ளட்டையை வெளியே எடுத்து, செய்தித்தாள் திணித்து நிழலில் காயவையுங்கள். நேர்வெயிலில் வைத்தால் பசை விடும். இறகு ஜாக்கெட்டைச் சுருட்டிக் கட்டிவைக்காமல் ஹேங்கரில் தொங்கவிடுங்கள். எல்லாம் காய்ந்ததும் ஒரு தாளில் மூன்று பத்திகள் போடுங்கள்: தினமும் தொட்டது, ஒருமுறை தொட்டது, தொடவே இல்லாதது. முதலுதவிச் சாமானையும் மழைச்சட்டையையும் தவிர மூன்றாவது பத்தியில் உள்ள எதுவும் அடுத்தமுறை வேண்டாம். அந்தத் தாளைப் பையின் தலைப்பகுதி ஜிப்பிலேயே போட்டு வையுங்கள்.